செசப்பீக் நீர்வழியும் சிலுவைக் குறிகளும்

நிலத்தின்மேற் சென்றவன் வழி தடமாக நிற்கும். நீரின்மேற் சென்றவன் வழியோ படகு கடந்த மறுகணமே மறைந்தொழியும். ஆகவே, 1608 இல் ஒருவன் படகிற் சென்ற வழியை, ஏறத்தாழ நானூறு ஆண்டுகளின் பின், 2006 ஆம் ஆண்டு டிசம்பரில், ஐக்கிய அமெரிக்க அரசு சட்டமியற்றித் தேசிய வரலாற்று வழியாக்கியது என்று அறியுமிடத்து, அழிந்த தடத்தில் அவர்கள் எதனைக் காக்க முற்பட்டனர் என்னும் வினா எழுகின்றது. நீரிலே முற்றாக அமைந்த முதலாவது தேசிய வரலாற்று வழி அந்நாட்டில் இதுவேயாம்.

அவ்வழி செசப்பீக் விரிகுடாவைச் சார்ந்தது. அமெரிக்காவின் கீழைக்கரையில், வேர்ஜீனியா, மேரிலாந்து என்னும் மாநிலங்களினூடே சுமார் 200 மைல் நீண்டு கிடப்பது அவ்விரிகுடா. 1607 இல் ஆங்கிலேயர் அதன் தென்பாகத்தில் ஜேம்ஸ்ரவுண் என்னுங் குடியிருப்பை நிறுவினர். பொன்னையும், மேலைச் சமுத்திரத்துக்குச் செல்லும் நீர்ப்பாதையையும் தேடுமாறு அவர்களை அனுப்பிய வணிகக் கம்பனி பணித்திருந்தது. அத்தேட்டத்தை மேற்கொண்டவன் கப்தன் ஜோன் சிமித். பாயும் துடுப்புங் கொண்ட, மேற்றளமற்ற சிறு படகொன்றிற் பதினான்கு பேருடன் 1608 யூன் 2 இற் புறப்பட்டு யூலை 21 இல் மீண்டான். மூன்று நாள் கழித்துப் பன்னிருவருடன் மறுபடியும் புறப்பட்டுச் செப்ரெம்பர் 7 இல் திரும்பினான். பொன்னும் கிட்டவில்லை, மேலைக்கடலும் தென்படவில்லை.

முதற்பயணத்தில் ராப்பகனொக் ஆற்றின் முகத்துவாரத்திலே, ஆழங்குறைந்த நீரில் வாளாற் குத்தி மீன் பிடித்தபோது, திருக்கை ஒன்று அவன் மணிக்கட்டில் முள்ளேற்றியது. திருக்கை முள்ளின் கொடுமையை எம் கரையோர மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கை வீங்கியது, சாவு நிச்சயமென எண்ணிய தோழர் புதைகுழியும் ஆயத்தஞ் செய்தனர். மாலையில் நோவு தணிந்ததும் அத்திருக்கையையே அவன் இரவுணவாக உண்டான் என்பது அவர்கள் கூற்று. அம்முனை இன்றும் திருக்கையின் பெயராலேயே வழங்குகின்றது.

பயணத்தின் உண்மையான ஊதியம் 1612 இல் ஒக்ஸ்போட்டில் வெளிவந்த தேசப்படம். ஆறுகளும் கிளையாறுகளும் ஆதிக்குடிகளின் இருநூறுக்கு மேற்பட்ட ஊர்களும் அதிற் குறிக்கப்பட்டுள்ளன. ஆறுகள் பலவற்றின் மேற்பகுதியிற் சிறு சிலுவைக் குறிகள் காணப்படும். அக்குறிவரை உள்ளவை தாம் நேரே கண்டவை. அதற்கப்பால் உள்ளவை பிறர் சொல்லக் கேட்டவை என்று படத்திலேயே விளக்கமும் தரப்பட்டுள்ளது. கண்டதனையும் கேட்டதனையும் இவ்வாறு பிரித்துரைத்தல் வரலாறு கற்பார் போற்றத்தக்க பண்பு. விந்தை யாதெனில், தன் கதையைக் கூறுமிடத்து இதே மனிதன் அத்துணை நேர்மையுடையவனல்லன் என்பதே. பொக்ககொந்தாஸ் என்னுஞ் சிறுமி தன் உயிரைக் காத்தாள் என்னும் புகழ்பெற்ற கதையை அவன் 1608 இல் வெளிவந்த தன் முதல் நூலிற் கூறவில்லை. விரிவாக எழுதியது 1624 இலேயே.

சிலுவைக்கு அப்பாற்பட்ட நாட்டை அவனுக்குக் கூறியவர் யாவர்? அக்கரைகளில் வாழ்ந்த ஆதிக்குடிகளே. இரண்டாம் பயணத்தில் மொஸ்கோ என்பவன் வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளனாகவும் உடன் சென்றான். ராப்பகனொக் மக்கள் எதிர்ப்பர் என அவன் எச்சரித்தான், சிமித் செவிசாய்த்தானல்லன். அவ்வாற்றிலே, இலைக்கொப்புகளால் தம்மை மறைத்துப் புதர்போல் நின்ற வீரர் அம்பு பொழிந்தனர். வேறொரு குடியாரிடமிருந்து பெற்ற கேடயங்களைப் படகின் முன்புறத்தில் நிறுத்தியிருந்தமையால் ஆங்கிலேயர் தப்பினர். ஆற்றின் மேற்பகுதியிலும் போர் மூண்டது. அங்கே காயமுற்றுப் பிடிபட்ட அமொரொலெக் என்பவனிடம், எம்மை ஏன் எதிர்த்தீர் என வினவியபோது, நீவிர் உலகின் கீழிருந்து வந்து எம் உலகைப் பறிப்பவர் எனக் கேள்வியுற்றோம் என்ற கருத்துப்பட அவன் விடையிறுத்தான். இதனைப் பதிவு செய்தவனும் சிமித்தே. அவனுடைய எழுத்துக்களில் இதனினும் ஆழமான பகுதி வேறில்லை என்பது என் துணிபு.

நீர்வழியை உருவாக்கும் பணி தேசியப் பூங்காச் சேவையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2007 இல், பழைய படகைப் போன்றதொன்றை மேரிலாந்திற் கட்டி, பன்னிருவர் 121 நாள் விரிகுடாவைச் சுற்றினர். அதே ஆண்டு முதல் ஆங்காங்கே மிதவைகள் நிறுத்தப்பட்டன. காற்றையும் அலையையும் அளந்தறிவித்த அவை, அவ்விடத்து வரலாற்றையும் தொலைபேசி வாயிலாகக் கேட்கச் செய்தன. 2012 இற் சஸ்குவெகானா முதலிய ஆறுகளும் இணைக்கப்பட, வழி ஏறக்குறைய மூவாயிரம் மைலாக நீண்டது.

இவை எளிய பணிகள். அரியது கரையைப் பற்றியது. கரையின் பெரும்பகுதி தனியார் உடைமையாதலின், படகில் வருவோர் இறங்குவதற்கே இடம் அரிதாயிற்று. வீடுகளும் கற்சுவர்களும் நிறைந்த கரையைப் பார்த்து 1608 ஐ எவ்வாறு எண்ணுவது? எனவே, பழைய தோற்றம் மாறாத சதுப்புகளையும் காடுகளையும் தெரிந்து காத்தல் வழியமைப்பின் உயிர்நாடியாயிற்று. அவ்வாறு தெரியுமிடத்து, சிமித் கண்ட காட்சி எது என்பதோடு, அங்கு வாழ்ந்தோர் எங்கே பயிர் செய்தனர், எங்கே நாணல் கொய்தனர், எங்கே மீன்பிடித்தனர் என்பதையும் அவர்தம் வழித்தோன்றல்களிடமே கேட்டறியும் முறை கைக்கொள்ளப்பட்டது. ஒருவன் பெயரால் வழங்கும் வழியிற் பலருடைய ஊர்கள் மீண்டுந் தோன்றலாயின. பௌகற்றான் என்னும் பெருந்தலைவனின் தலைநகராகிய வெரொவொகொமொகோ இருந்த நிலத்தை 2016 இற் பூங்காச் சேவை வாங்கியது.

இப்பெயர் பொருந்துமா என ஐயுறுவோர் உளர். அவர் ஐயம் நியாயமானதே. சிமித்தின் படம் பின்வந்த குடியேற்றத்துக்குக் கைவிளக்காயிற்று. அதனை வரைய அறிவு வழங்கியவரே நிலமிழந்தனர். ராப்பகனொக் மக்களும் பதினேழாம் நூற்றாண்டு முடியுமுன் தம் ஆற்றங்கரை ஊர்களிலிருந்து அகற்றப்பட்டனர். 2018 இலேயே ஐக்கிய அமெரிக்க அரசு சட்டமொன்றால் அவர்களையும் வேர்ஜீனியாவின் வேறு ஐந்து குடிகளையும் அங்கீகரித்தது. எனினும், ஊர்களின் பெயரும் இடமும் இன்று தெரிவதற்கு அப்படமே பெருஞ்சான்று என்பதையும் மறத்தலாகாது.

அம்பு பொழிந்த இடத்தையடுத்து போன்ஸ் என்னும் பெயருடைய செங்குத்தான கரைமேடு உண்டு. மொட்டைக் கழுகுகள் திரளாகக் கூடும் இடம் அது. அங்கே பிஸ்ஸகொவாக் முதலிய மூன்று ஊர்கள் இருந்தன எனச் சிமித்தின் படம் காட்டுகின்றது. அம்மேட்டில் 465 ஏக்கர் நிலம், கட்டடங்கள் எழாவண்ணம் காக்கப்படும் ஏற்பாட்டுடன், 2022 இல் ராப்பகனொக் குடிக்கு மீண்டது.