கடலடிக்கு வெளிச்சம் கொண்டுபோன கதை

சுழியோடப் பழகும் நம்மூர்த் தம்பிமார் சிலர், சின்னக் கெமராவுக்கு எந்த ஃபிளாஷ் நல்லது என்று கேட்கிறார்கள். பதில் வரலாற்றில் இருக்கிறது.

கடல்நீர் சிவப்பு நிறத்தைத்தான் முதலில் விழுங்கும். சில மீற்றர் ஆழத்திலேயே செந்நிற மீனும் சாம்பலாய்த் தெரியும். அதனால்தான் வெளிச்சத்தைக் கூடவே கொண்டுபோக வேண்டியிருந்தது.

1893இல் பிரான்ஸின் பான்யுல்ஸ் கடலில் லூயி பூத்தான் மக்னீசியம் எரித்துப் படம் பிடித்தார். 1926இல் புளோரிடாவில் லாங்லியும் மார்ட்டினும் கடலடியில் முதல் வண்ணப்படங்களை எடுத்தார்கள். மிதவையில் மக்னீசியத் தூளை வெடிக்க வைத்தே வெளிச்சம் பெற்றார்கள். அதில் லாங்லி ஒருமுறை தீக்காயமும் பட்டார். பிறகு எம்ஐடி பேராசிரியர் எட்ஜர்ட்டன் மின்சார ஸ்ட்ரோபை வளர்த்தெடுத்தார். 1950களில் கூஸ்தோவோடு சேர்ந்து அதைக் கடலுக்குள் இறக்கினார்.

இனித் தெரிவு. கெமராவின் சொந்த ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் ஒளி நீரிலுள்ள தூசியில் பட்டுத் திரும்பி, படமெங்கும் வெள்ளைப் புள்ளிகள் விழும். ஆகவே, பக்கவாட்டில் தள்ளிப் பொருத்தக்கூடிய ஒரு ஸ்ட்ரோப் தொடக்கத்துக்குப் போதும். கெமரா ஃபிளாஷின் ஒளியை ஃபைபர் கேபிளால் வாங்கி அதுவும் மின்னும். ஒரு மீற்றருக்குள் நெருங்கி எடுங்கள்.

1961இல் கிரிந்தைக்கு அப்பால், கிரேட் பாஸஸ் பாறையருகே மைக் வில்சன் குழுவினர் கண்ட கப்பல் சிதைவில் ஹிஜ்ரி 1113 பொறித்த அவுரங்கசீப் கால வெள்ளிக் காசுகள் கிடைத்தன. நம் வரலாறு கடலடியிலும் கிடக்கிறது. கண்டால் பிடுங்காதீர்கள், படமாகக் கொண்டு வாருங்கள்.