நான்கு பென்ஸ் படுக்கை

இலண்டன் மாநகரின் கிழக்கே, ஆல்ட்கேட் சுரங்க ரயில் நிலையங்களின் அருகில், பொழுது சாயும் நேரத்தில் மக்கள் சிறு சிறு கூட்டங்களாகக் காத்து நிற்பதைக் காணலாம். 1888ஆம் ஆண்டில் ஒயிட்சாப்பல் பகுதியில் கொலைகள் நிகழ்ந்த இடங்களை, கட்டணம் செலுத்தி, வழிகாட்டியின் பின்னே நடந்து பார்க்க வந்தவர்கள் அவர்கள். 'ஜாக் தி ரிப்பர் நடை' என்பது அதன் பெயர். கொலைக்கதையோடு பேய்க்கதையும் சேர்த்தே பரிமாறப்படும். டர்வர்டு தெருவில் பெண்ணுருவம் ஒன்று இரவில் சுருண்டு கிடக்கக் காண்பதாகச் சொல்வார்கள். பேய்க்கதைக்குச் செவிசாய்க்காதவர் யார்? நம் ஊர்ப் புளியமரங்களும் சும்மா நிற்பதில்லையே! நாமும் ஒரு மாலை அக்கூட்டத்தோடு நடந்தோம்.

கொலைகாரன் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. பெயர்கூட அவனுடையது என்று சொல்வதற்கில்லை. 1888 செப்டம்பர் 27 அன்று செய்தி நிறுவனம் ஒன்றுக்கு வந்த, சிவப்பு மையில் எழுதிய கடிதத்தின் அடியில்தான் அந்தக் கையொப்பம் முதலில் காணப்பட்டது. அதை எழுதியவர் பத்திரிகைக்காரர் ஒருவரே என்று காவல்துறை உயர் அதிகாரிகள் பின்னாளில் கருதினர். ஆக, அத்தெருக்களில் உலவும் பேய்களுள் பெரியது அச்சுக்கூடத்தில் பிறந்ததாகவே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் அதற்குத்தான் மரியாதை. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் ஆலயத்தின் அருகிலுள்ள 'டென் பெல்ஸ்' மதுக்கூடத்துக்கு 1976 முதல் 1988 வரை அக்கொலைகாரனின் பெயரே சூட்டப்பட்டிருந்தது. பெண்கள் போராடிய பிறகே பழைய பெயர் திரும்பியது.

கொலையுண்ட பெண்களோ வழிகாட்டியின் வாயில் வெறும் எண்கள்: முதலாமவள், இரண்டாமவள். மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்டிரைடு, கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி என்ற பெயர்களை ஒருமுறையேனும் நிறுத்திச் சொல்ல வேண்டாமா? அக்காலத்துப் பொதுத் தங்குவிடுதிகளில் ஓர் இரவுப் படுக்கைக்கு 4 பென்ஸ். அது கையில் இல்லாததால் நிக்கல்ஸ் ஆகஸ்ட் 31 அதிகாலை வெளியே அனுப்பப்பட்டார். தலையில் புதுத்தொப்பி இருந்தது. எப்படியும் காசு கிடைத்துவிடும் என்று சிரித்துக்கொண்டே போனார். எட்டு நாள் கழித்து, நுரையீரல் நோயால் நலிந்திருந்த சாப்மனும் அதே காரணத்தால் தெருவுக்கு வந்தார். எடோஸ், கென்ட் பகுதியில் கூலிக்குத் தோட்டவேலை செய்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். குடிபோதையில் பிடிபட்டு, செப்டம்பர் 30 அதிகாலை 1 மணியளவில் காவல்நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டார், 1.45 மணிக்கு மைட்டர் சதுக்கத்தில் சடலமாகக் கிடந்தார். ஐவரையும் விபசாரிகள் என்றே சொல்லி வந்தார்கள். மூவரைப் பொறுத்தவரை அதற்குச் சான்றே இல்லை என்று ஹாலி ரூபன்ஹோல்டு 2019இல் வெளிவந்த நூலில் வாதிடுகிறார். மறுப்போரும் உளர். ஒன்று மட்டும் ஐயமற்றது: கத்திக்கு முன்னரே வறுமை அவர்களைத் தெருவில் நிறுத்தியிருந்தது.

கிறிஸ்பின் தெருவில் ஒரு பழைய கட்டடம் உண்டு. வாசல்களின்மேல் 'ஆண்கள்', 'பெண்கள்' என்று பொறித்த எழுத்துகள் இன்றும் தெரிகின்றன. அருட்தந்தை டேனியல் கில்பர்ட் 1860இல் தொடங்கிய 'பிராவிடன்ஸ் ரோ' இரவுப் புகலிடம் 1868 முதல் அங்கே இயங்கியது. இரக்கத்தின் சகோதரிகள் சமய வேறுபாடு பாராமல், காசும் வாங்காமல், உணவும் படுக்கையும் தந்தார்கள். வழிகாட்டி அதைக் கைநீட்டிக் காட்டிவிட்டு நடந்தார். நமக்குக் கால் எழவில்லை. கெல்லி வாழ்ந்த மில்லர்ஸ் கோர்ட் அங்கிருந்து கூப்பிடு தூரந்தான்.

கெல்லிக்கு வயது ஏறத்தாழ 25. வாடகை அறை ஒன்று அவருக்கு இருந்தது. 29 ஷில்லிங் பாக்கியும் இருந்தது. நவம்பர் 9 காலை வாடகை கேட்டு வந்த ஆள்தான் சன்னல் வழியே உடலைக் கண்டார். இறந்தோருக்காக நாம் மன்றாடும் மாதம் அது. அடக்கத்துக்கு உறவினர் எவரும் வரவில்லை. ஷோர்டிட்சிலுள்ள ஆங்கிலிக்கன் ஆலயத்தின் பணியாளர் ஹென்றி வில்ட்டன் செலவை ஏற்றார். 19ஆம் நாள், தெருநெடுகத் திரண்ட மக்களிடையே சவவண்டி சென்றது. லெய்ட்டன்ஸ்டோனில், புனித பேட்ரிக் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், நம் திருச்சபையின் சடங்குகளோடு அவரைப் புதைத்தார்கள்.

அக்கல்லறைத் தோட்டம் ஒயிட்சாப்பலிலிருந்து சில மைல் தொலைவில் இருக்கிறது. மாலை நடைகள் அதுவரை போவதில்லை.