கல்மரம் (பெரம்பலூர் – அரியலூர்)

கல்மரம் என்பது மண்ணுக்குள் புதைந்த மரக்கட்டை, தன் உருவும் உள்ளமைப்பும் கெடாமல் கல்லாக மாறிய புதைபடிவம். தமிழ்நாட்டில் இது பெயர்பெற்ற இடங்கள் இரண்டு. ஒன்று பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூர். மற்றொன்று விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை. சாத்தனூரில் கிடப்பது டைனோசர்கள் வாழ்ந்த காலத்துக் கூம்புத் தாவரம். திருவக்கரையில் கிடப்பவற்றுள் பல, அதற்கு வெகுகாலம் பிந்திய மழைக்காட்டு மரங்கள். இலையும் பூவும் காயும் இன்றிக் கட்டையை மட்டுமே கொண்டு ஒரு மரத்தின் இனத்தை அறியும் கலை, தென்னிந்தியாவில் இவ்விரு இடங்களை ஒட்டியே பெரிதும் வளர்ந்தது.

கல்லாகும் விதம்

மரம் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு வண்டலில் விரைவாக மூடப்பட்டால், காற்றுப் படாததால் மட்கும் வேகம் குறைகிறது. நிலத்தடி நீரில் கரைந்துள்ள சிலிக்கா கட்டையின் நுண்ணறைகளுக்குள் புகுந்து படிகிறது. நாளடைவில் மரப்பொருள் நீங்க, அறைகளின் வடிவம் மட்டும் கல்லில் நிற்கிறது. கல்மரத்தில் காணும் சிவப்பும் மஞ்சளும் மரத்தின் சொந்த நிறங்கள் அல்ல. நீரில் வந்த இரும்புச் சேர்மங்கள் ஏற்றியவை.

நிலவியல் பின்னணி

இன்று வறண்ட கரிசலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுமாக இருக்கும் பெரம்பலூர் – அரியலூர்ப் பகுதி, கிரட்டேசியஸ் காலத்தில் கடலோரமாக இருந்தது. கடல் பலமுறை உள்ளே வந்து பின்வாங்கியது. அது விட்டுச்சென்ற படிவுகளைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என்று நிலவியலாளர் பகுக்கின்றனர். இவற்றுக்கும் முந்திய களிமண் அடுக்குகள் தெரணி என்ற ஊரில் வெளித்தெரிகின்றன. அங்கே டைலோபில்லம் போன்ற, சைக்கஸ் சாயல் கொண்ட தாவரங்களின் இலைப்பதிவுகள் கிடைக்கின்றன.

மாவட்டப் பெயர்களைக் கவனித்தே பழைய நூல்களைப் படிக்க வேண்டும். பெரம்பலூர் 1995-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அதிலிருந்து 2001-இல் பிரிந்த அரியலூர், 2002-இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007-இல் நிலையான தனி மாவட்டமானது. ஆகவே முந்திய ஆய்வுகளில் இவ்வூர்கள் யாவும் 'திருச்சினாப்பள்ளி' என்ற பெயரின் கீழேயே வரும்.

தொடக்ககாலப் பதிவுகள்

திருவக்கரைக் கல்மரங்களை முதலில் எழுத்தில் பதிந்தவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா, ஆண்டு 1781. அக்காலத்தில் கல்மரம் ஒரு வியப்புப் பொருளாகவே பார்க்கப்பட்டது. அது என்ன மரம் என்ற கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் எழுந்தது. உயிரணுக் கொள்கையை வகுத்தவர்களுள் ஒருவரான ஜெர்மானியர் ஷ்லைடன், திருவக்கரையிலிருந்து சென்ற ஒரு துண்டை ஆராய்ந்து அதற்குக் கூம்புத் தாவரப் பெயர் ஒன்றைச் சூட்டினார்.

திருச்சிராப்பள்ளி, விருத்தாசலம், புதுச்சேரிப் பகுதிகளில் கே, கன்லிஃப் என்ற இருவர் 1840-களில் திரட்டிய கடல்வாழ் புதைபடிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்தார். 1851-இல் தோன்றிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக எச். எஃப். பிளான்ஃபோர்டு இப்பாறைகளை அளந்து வகைப்படுத்தினார். அவரது அறிக்கை 1862-இல் வெளிவந்தது. மேலே சொன்ன மூன்று தொகுதிகளும் அவர் வழி வந்த பகுப்பே. தொடர்ந்து அத்துறையின் ஸ்டோலிஸ்கா கிளிஞ்சல்களையும் நத்தையினங்களையும் பெருந்தொகுதிகளாக விவரித்தார். கடலுயிர்களுக்குக் கிடைத்த இந்தக் கவனம் மரக்கட்டைக்குக் கிடைக்க மேலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்தக் குறையைத் தீர்த்தவர் தொல்தாவரவியலாளர் பீர்பால் சாஹ்னி. இந்தியாவில் அதுவரை கிடைத்திருந்த கூம்புத் தாவரக் கல்மரங்களை 1931-இல் மறுஆய்வு செய்து, பழைய பெயர்களைத் திருத்தினார். ஷ்லைடன் பெயரிட்ட திருவக்கரை மரம், மெசெம்பிரியாக்சைலான் என்ற பேரினத்தின் கீழ் வந்தது. பெயரின் ஈற்றிலுள்ள 'சைலான்' கட்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். கட்டை மட்டும் கிடைத்து, மற்ற உறுப்புகள் கிடைக்காத மரங்களுக்கு இந்த ஈற்றைச் சேர்ப்பது மரபு.

சாத்தனூர் மரம்

சாத்தனூர்க் கல்மரத்தை 1940-இல் அறிவித்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன். தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்தில் பிறந்த இவர், பின்னர் அத்துறையின் முதல் இந்திய இயக்குநரானார். படுத்த நிலையில் கிடக்கும் அடிமரத்தின் நீளம் 18 மீட்டருக்கு மேல். சாத்தனூரைச் சுற்றியுள்ள வரகூர், ஆனைப்பாடி முதலிய ஊர்களின் ஓடைகளிலும் சிறிய துண்டுகள் கிடைத்துள்ளன.

இம்மரம் நின்ற இடத்திலேயே கல்லானது என்று கருதுவது பிழை. அது கிடக்கும் அடுக்கு கடற்படிவு; கூடவே கடற்கிளிஞ்சல்கள் இருக்கின்றன. கரையில் வளர்ந்த மரம் ஆற்று வெள்ளத்தில் கடலுக்கு இழுத்துவரப்பட்டு, மிதந்து, நீரில் ஊறிக் கனத்து அடியில் அமர்ந்தது என்பதே பொருத்தமான விளக்கம். இப்பாறைகளில் கிடைக்கும் மரத்துண்டுகள் சிலவற்றில் கப்பல்புழு துளைத்த குழிகளும் உள்ளன. தோணிக்காரர்களுக்குப் பழக்கமான அதே தொல்லை அன்றும் இருந்தது.

மரத்தின் வயது 12 கோடி ஆண்டு என்று பரவலாக எழுதப்படுகிறது. ஆனால் அது திருச்சிராப்பள்ளித் தொகுதியைச் சேர்ந்தது என்று கொண்டால் இந்தக் கணக்கு பொருந்தாது. அத்தொகுதி மேல் கிரட்டேசியஸ் காலத்தது. அக்காலம் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் தொடங்கியது. அடுக்கின் வயதே மரத்தின் வயதுக்கு அளவுகோல் என்பதால் 10 கோடிக்குக் குறைவு என்பதே சரி.

கட்டையை அறியும் முறை

ஆசாரி ஒரு கட்டையைக் கையில் தூக்கிக் கனம் பார்ப்பார். இழைத்து மணம் பார்ப்பார். நிறத்தையும் வைரம் பாய்ந்த அளவையும் ரேகை ஓட்டத்தையும் பார்ப்பார். கல்மரத்தில் கனம் கல்லின் கனம், நிறம் இரும்பின் நிறம், மணம் இல்லை. எஞ்சுவது ரேகை ஒன்றே. அந்த ரேகையை நுண்ணோக்கியில் படிப்பதுதான் கல்மர ஆய்வு.

கல்லை வைர ரம்பத்தால் அறுத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, ஒளி ஊடுருவும் வரை தேய்த்து மெல்லிய சீவலாக்குவர். ஒரே துண்டை மூன்று திசைகளில் வெட்ட வேண்டும்: மரத்தின் குறுக்கே ஒன்று, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரத்தின் வழியே ஒன்று, அந்த ஆரத்துக்குச் செங்குத்தாக நெடுக்கில் ஒன்று. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அறைகளின் முழு வடிவம் புலப்படும்.

முதலில் தேடுவது நீர்க்குழாய்களை. பெரும்பாலான பூக்கும் மரங்களின் குறுக்குவெட்டில் இவை ஊசித்துளைகள்போலத் தெரியும். கூம்புத் தாவரங்களில் அவை இல்லை. ஒரே சீரான மெல்லிய நீளறைகள் வரிசை கட்டி நிற்கும். அந்த அறைகளின் சுவரிலுள்ள குழிகளின் அமைப்பு அடுத்த தடயம். குழிகள் தேனடைபோல நெருங்கி நின்றால் அராகேரியாக் குடும்பம். ஒற்றை வரிசையில் இடைவெளிவிட்டு நின்றால் போடோகார்ப்பஸ் சாயல். சாஹ்னி வகைப்படுத்திய மெசெம்பிரியாக்சைலான் பின்னதைச் சேர்ந்தது.

பூக்கும் மரங்களில் தடயங்கள் மிகுதி. குழாய்கள் தனித்தா, கூட்டமாகவா. அவற்றைச் சூழும் மென்திசு வளையமா, பட்டையா. கதிர்கள் எத்தனை அறை அகலம். பிசின் நாளங்கள் உண்டா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வர். நெட்டுக்குத்தான பிசின் நாளங்கள் சிதறியோ சிறு கோடுகளாகவோ இருந்தால் டிப்டெரோகார்ப்பஸ். நீண்ட வரிகளாக இருந்தால் சாலமரத்தின் இனமான ஷோரியா. இறுதியில், இன்று வாழும் மரத்தின் சீவலோடு ஒப்பிட்டே முடிவுக்கு வருவர். இதற்கு உயிர்மரக் கட்டைகளின் சேகரிப்பு வேண்டும். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் கட்டைச் சேகரிப்பு இவ்வகையில் முதன்மையானது. 1932-இல் பியர்சனும் பிரவுனும் வெளியிட்ட இந்திய மரக்கட்டைகள் பற்றிய நூல், நெடுங்காலம் கைந்நூலாக இருந்தது.

மழைக்காட்டு மரங்கள்

சாத்தனூர் மரத்துக்கு வெகுகாலம் பிந்தியது கடலூர் மணற்கல். திருவக்கரை மரங்கள் இதிலேதான் கிடக்கின்றன. வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டு. இதே மணற்கல் அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டம் பக்கமும் பரந்துள்ளது. அங்கே நிலத்தடியில் பழுப்பு நிலக்கரியும் உண்டு. திருவக்கரை மரங்களுக்குக் கிளையும் இல்லை, பட்டையும் இல்லை. வெகுதொலைவு உருண்டுவந்ததற்கு அதுவே சான்று.

இவற்றை முறையாக அடையாளம் கண்டவர் தொல்தாவரவியலாளர் சி. ஜி. கே. ராமானுஜம். 1950-களில் தொடங்கி அன்றைய தென்னாற்காட்டுக் கல்மரங்களைக் குடும்பம் குடும்பமாக விவரித்தார். லக்னோவிலுள்ள பீர்பால் சாஹ்னி நிறுவனத்தின் லக்கன்பாலும் அவஸ்தியும் அப்பணியைத் தொடர்ந்தனர். இவர்கள் பட்டியலில் டிப்டெரோகார்ப்பஸ், ஷோரியா, நாங்கு, மருது, கருங்காலி ஆகியவற்றின் உறவினங்கள் உள்ளன. டிப்டெரோகார்ப்பஸும் நாங்கும் ஈரம் மிகுந்த பசுமைமாறாக் காட்டை விரும்புபவை. இன்று அவற்றைக் காண மேற்குத் தொடர்ச்சி மலைக்கோ மலேயா, போர்னியோ காடுகளுக்கோ போக வேண்டும். மழை குறைந்த இக்கிழக்குச் சமவெளிக்கு ஆறுகள் ஒருகாலத்தில் மழைக்காட்டு மரங்களை உருட்டிக்கொண்டு வந்தன என்பது இக்கட்டைகளால் உறுதியாகிறது.

கூம்புத் தாவரங்களும் முற்றாக மறைந்துவிடவில்லை. போடோகார்ப்பஸ் குடும்பத்து நகெயா வாலிச்சியானா, தென்னிந்தியக் காடுகளில் இயல்பாக வளரும் ஒரே கூம்புத் தாவரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் அகன்ற இலைகளோடு நிற்பதால், பார்ப்பவர் அதைப் பூக்கும் மரம் என்றே நினைப்பர். கட்டையை வெட்டிப் பார்த்தால் நீர்க்குழாய் இராது.

பாதுகாப்பு

சாத்தனூர், திருவக்கரை இரண்டும் தேசிய நிலவியல் சின்னங்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் உள்ளவை. அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் அமைந்துள்ளது. இச்சின்னங்களின் வேலிக்கு வெளியே வயல்களிலும் ஓடைகளிலும் சுண்ணாம்புக்கல் சுரங்க ஓரங்களிலும் கிடக்கும் துண்டுகளுக்கு இத்தகைய காவல் இல்லை. வீட்டுக்கு எடுத்துச்சென்ற துண்டின் ரேகை மாறாது. மரத்தின் இனத்தை அப்போதும் கண்டுபிடிக்கலாம். ஆனால் அது எந்த அடுக்கில் கிடந்தது என்பது எடுத்த கணத்திலேயே அழிந்துவிடும். அதன் காலத்தைப் பிறகு எந்த ஆய்வுக்கூடத்திலும் மீட்க முடியாது. கல்மரத்தைக் காண்பவர் அதைக் கிடந்த இடத்திலேயே விட்டு, இடத்தைக் குறித்துத் துறைக்குத் தெரிவிப்பதே முறை.