மாட்டுக்கொட்டிலும் மகப்பேற்று அறையும்: லிஸ்டீரியோசிஸ் பன்னாட்டுக் கருத்தரங்குகளின் வரலாறு

1957ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியின் கீசன் நகரில் லிஸ்டீரியோசிஸ் என்ற ஒரே ஒரு நோயைப் பற்றிப் பேச ஒரு கருத்தரங்கு கூடியது. காலராவுக்கோ காசநோய்க்கோ கூடுவதுபோல அரசுகள் பதற்றத்தோடு கூட்டிய மாநாடு அல்ல அது. அங்கு படிக்கப்பட்ட கட்டுரைகள் மறு ஆண்டு ஒரு கால்நடை மருத்துவ இதழின் இணைப்பாக வெளிவந்தன. அந்த வரிசை இன்றும் அறுபடவில்லை; 2019இல் டொரான்டோவில் கூடியது இருபதாவது.

இக்கருத்தரங்குகளின் வரலாற்றை வெற்றிக் கதையாகச் சொல்வது எளிது. ஆனால் ஆவணங்களைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் உறுத்தலான ஓர் உண்மை தெரிகிறது. இந்த நோய் உணவின் வழியே மனிதருக்கு வருகிறது என்பதற்கான தடயங்கள் 1950களிலேயே ஆய்வாளர்களின் கையில் இருந்தன. அது பொதுச் சுகாதார அறிவாக மாற 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளி ஏன் நேர்ந்தது, கருத்தரங்கு அதைக் கடக்க எப்படி உதவியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கால்நடை மருத்துவரும் மகப்பேற்று மருத்துவரும் ஒரே அவையில் உட்கார்ந்து ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டதுதான் இந்த வரிசையின் உண்மையான பலம் என்பது என் துணிபு.

முயலிலிருந்து சிசு வரை

1924இல் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த முயல்களும் கினிப்பன்றிகளும் திடீரெனச் சாகத் தொடங்கின. ஈ. ஜி. டி. மர்ரே, வெப், ஸ்வான் ஆகிய மூவரும் அவற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 1926இல் விவரித்தனர். நோயுற்ற விலங்கின் இரத்தத்தில் மோனோசைட் எனும் வெள்ளணுக்கள் பெருகியதால் அதற்கு மோனோசைட்டோஜெனஸ் என்று பெயரிட்டனர். மறு ஆண்டு ஜோகன்னஸ்பர்க்கில் ஹார்வி பிரி, காட்டு ஜெர்பில்களின் ஈரலைத் தாக்கிய ஒரு கிருமியை விவரித்து, அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டரின் நினைவாகப் பெயர் வைத்தார். இரு தரப்பினரும் தத்தம் மாதிரிகளை லண்டன் லிஸ்டர் நிறுவனத்தின் சேகரிப்புக்கு அனுப்பியபோதுதான் இரண்டும் ஒன்று என்பது வெளிப்பட்டது. பிரி முதலில் வைத்த லிஸ்டரெல்லா என்ற பெயர் ஏற்கெனவே வேறோர் உயிரிக்குச் சூட்டப்பட்டிருந்ததால், 1940இல் அவரே லிஸ்டீரியா என்று மாற்றினார்.

மனித நோயாளியிடம் இக்கிருமி இதற்கும் முன்பே சிக்கியிருந்தது. 1921இல் பிரான்சில் டூமோன், கோட்டோனி இருவரும் மூளையுறை அழற்சி கண்ட ஒருவரிடமிருந்து ஒரு கோலுருக் கிருமியை எடுத்தனர். தொண்டை அடைப்பான் கிருமியைப் போன்ற, டிஃப்தெராய்டு எனப்படும் வகை என்று அதை எண்ணிவிட்டனர். பாதுகாத்து வைத்த அந்த மாதிரி லிஸ்டீரியா என்று பின்னாளில்தான் அடையாளம் காணப்பட்டது. கால்நடை உலகமோ வேகமாக முன்னேறியது. ஆடுகள் தலையைச் சாய்த்தபடி ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழுந்து சாகும் ‘சுற்றல் நோய்’ நியூசிலாந்தில் 1930களின் தொடக்கத்திலேயே விவரிக்கப்பட்டது. அதன் காரணி லிஸ்டீரியா.

போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியின் ஹால்லே நகரில், செத்துப் பிறந்த குழந்தைகளின் ஈரலிலும் மண்ணீரலிலும் சிறு சிறு கணுக்கள் நிறைந்திருப்பதை மருத்துவர்கள் கண்டனர். 1951இல் ரைஸ், பொட்டெல், கிரெப்ஸ் ஆகியோர் இதைத் தனி நோயாக விவரித்தனர். காரணி லிஸ்டீரியாவே என்பது விரைவில் உறுதியானது. தாய்க்கு வந்ததோ லேசான காய்ச்சல் மட்டும். கருவில் இருந்த சிசுவுக்கு அதுவே மரணம். ஆட்டையும் மாட்டையும் முயலையும் தாக்கும் கிருமி மகப்பேற்று அறைக்குள் எப்படி வந்தது? இந்தக் கேள்வியின் சூட்டில்தான் கீசன் கருத்தரங்கு கூடியது. இந்நோயைப் பற்றிய முதல் விரிவான நூலை 1955இல் ஜெர்மன் மொழியில் எழுதிய ஹைன்ஸ் சீலிகர் இத்துறையின் நடுநாயகம் ஆனார். இரத்தநீர் வினைகளைக் கொண்டு லிஸ்டீரியா வகைகளைப் பிரிக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர்களுள் அவர் முக்கியமானவர். பிற்காலத்தில் நோய்ப்பரவலைத் துப்பறிந்தவர்களின் முதல் கருவி அந்த முறையே.

கையில் இருந்த விடை

இரண்டாவது கருத்தரங்கு 1962இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துப் போஸ்மன் நகரில் நடந்தது. அங்கு கால்நடை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எம். எல். கிரே அதன் கட்டுரைகளைத் தொகுத்து மறு ஆண்டு வெளியிட்டார். இந்த வரலாற்றில் அதிகம் பேசப்பட வேண்டிய மனிதர் கிரே என்றே நினைக்கிறேன். அவருடைய இரண்டு கண்டுபிடிப்புகளை அடுத்தடுத்து வைத்தாலே போதும்.

முதலாவது 1948இல் வந்தது. நோயுற்ற மாட்டின் மூளைத் திசுவை உடனே வளர்ப்பு ஊடகத்தில் இட்டபோது எதுவும் முளைக்கவில்லை. அதே திசுவை 4 டிகிரி செல்சியஸில் வாரக்கணக்கில் வைத்திருந்து மீண்டும் சோதித்தபோது லிஸ்டீரியா ஏராளமாக வளர்ந்தது. குளிரில் மற்ற கிருமிகள் ஒடுங்கிக் கிடக்க, இது மட்டும் மெல்லப் பெருகியிருந்தது. பின்வந்த பல பத்தாண்டுகளுக்கு ஆய்வுக்கூடங்கள் இந்தக் ‘குளிர்ச் செறிவூட்ட’ முறையைக் கையாண்டன. நம் சமையலறையின் குளிர்பதனப் பெட்டியும் ஏறத்தாழ இதே வெப்பநிலையில்தான் இயங்குகிறது. அந்தத் தொடர்பை அப்போது எவரும் உரக்கச் சொல்லவில்லை.

இரண்டாவது 1960இல். மேலை நாட்டுப் பண்ணைகளில் குளிர்காலத் தீவனமாகச் சைலேஜ் எனும் ஊறுகாய்ப்புல்லைப் போடுவார்கள். அதைத் தின்ற மந்தைகளில் லிஸ்டீரியோசிஸ் மிகுதியாக வருவது பண்ணையாட்களுக்குத் தெரிந்திருந்தது. ஓட்ஸ் சைலேஜிலிருந்தே கிரே அக்கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினார். புல் சரியாகப் புளித்து அமிலத்தன்மை ஏறினால் லிஸ்டீரியா அடங்கிவிடும். புளிப்புக் குறைந்து காற்றும் புகுந்தால் பெருகும். அதாவது, விலங்கு நோயைத் தின்கிறது.

மனிதருக்கான தடயமும் அதே காலத்தில் ஹால்லேயிலிருந்து வந்தது. பொட்டெல் விவரித்த ஒரு நிகழ்வில், ஒரு தாய்க்கு இரட்டைக் குழந்தைகள் செத்துப் பிறந்தன. அவர் காய்ச்சாத பால் குடித்திருந்தார்; அந்தப் பாலைத் தந்த பசுவுக்கு லிஸ்டீரியாவால் மடிநோய் இருந்தது. குளிரில் வளரும் கிருமி, தீவனத்தில் வாழும் கிருமி, பாலில் இறங்கும் கிருமி என்ற மூன்று தகவல்களும் 1960களின் தொடக்கத்திலேயே ஒரே துறையினரின் ஏடுகளில் இருந்தன.

ஏன் இவை ஒன்றாகக் கோக்கப்படவில்லை? நோயின் இயல்பு ஒரு காரணம். கெட்டுப்போன உணவைத் தின்றவர் அன்றே வாந்தி எடுத்தால் எல்லோருக்கும் புரியும். லிஸ்டீரியா தொற்றியவரோ பல வாரம் கழித்து, சிலசமயம் 70 நாள் வரை கழித்தும் நோயுறுகிறார். அதற்குள் என்ன சாப்பிட்டோம் என்ற நினைவும் போய்விடும், மிச்சமும் போய்விடும். நோயாளிகளும் ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்தனர். இன்னொரு காரணம் ஆய்வுலகத்தினுடையது. 1960களிலும் 70களிலும் கருத்தரங்குகளின் கவனம் பெரிதும் கிருமியின் வகைப்பாட்டில் தங்கிவிட்டது. 1966இல் நெதர்லாந்தின் பில்தோவனில் கூடிய மூன்றாவது கருத்தரங்கில் லார்சனும் சீலிகரும் ஒரு புதிய இனத்தை அறிவித்து, கிரேயின் நினைவாக லிஸ்டீரியா கிரேயி என்று பெயரிட்டனர். 1974இல் நாட்டிங்ஹாம், 1977இல் பல்கேரியாவின் வர்னா என்று அவை இடம் மாறிக்கொண்டே இருந்தது. வர்னா கட்டுரைகளைத் தொகுத்த இவான் இவானோவின் பெயரும், சீலிகரின் பெயரும் பின்னர் தனித்தனி இனங்களுக்குச் சூட்டப்பட்டன. வகைப்பாடு வீண் வேலை அல்ல. நோய் உண்டாக்கும் இனத்தையும் உண்டாக்காத இனத்தையும் பிரிக்காமல் உணவுச் சோதனையே இல்லை. ஆனாலும் கிரேயின் சைலேஜ் மனிதரின் சாப்பாட்டு மேசைக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஹாலிஃபாக்ஸ், 1981

ஹாலிஃபாக்ஸ் நகரம் அமைந்த கனடாவின் அட்லாண்டிக் கரை மாகாணங்களில் 1981இல் கருச்சிதைவுகளும் சிசு மரணங்களும் வழக்கத்துக்கு மாறாகக் கூடின. மொத்தம் 41 பேருக்கு நோய்; அவற்றுள் 34 பேறுகாலத்தை ஒட்டியவை. வால்டர் ஷ்லெக்கும் அவருடைய குழுவினரும் நோயுற்றவர்களையும் நோயுறாதவர்களையும் ஒப்பிட்டு உணவுப் பழக்கங்களைக் கேட்டறிந்தனர். முட்டைக்கோஸைத் துருவிச் செய்யும் கோல்ஸ்லா மீது ஐயம் விழுந்தது. நோயாளி ஒருவரின் குளிர்பதனப் பெட்டியில் எஞ்சியிருந்த கோல்ஸ்லாவில் 4பி வகை லிஸ்டீரியா கிடைத்தது; பிரிக்கப்படாத பொட்டலங்களிலும் அதுவே இருந்தது.

குழு அதோடு நிற்காமல் முட்டைக்கோஸ் விளைந்த நிலத்தைத் தேடிப் போனது. அந்த விவசாயி செம்மறியாடுகளும் வளர்த்தார். 1979இலும் 1981இலும் அவருடைய ஆடுகள் லிஸ்டீரியோசிஸால் செத்திருந்தன. அந்த ஆட்டெரு முட்டைக்கோஸ் வயலுக்கு உரமாகப் போயிருந்தது. அறுவடையான முட்டைக்கோஸ் குளிர்காலம் முழுவதும் குளிர்ந்த கிடங்கில் இருந்தது. 1948இல் கிரே ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே செய்ததை, இங்கே ஒரு கிடங்கு அறியாமல் செய்துகொண்டிருந்தது. 1983இல் வெளிவந்த இவர்களின் கட்டுரைதான் லிஸ்டீரியோசிஸ் உணவுவழி பரவுகிறது என்பதை ஐயமின்றி நிலைநாட்டியது. ஆட்டில் தோன்றும் நோயை அறிந்தவர்களின் அரை நூற்றாண்டு உழைப்பு பின்னால் இல்லாவிட்டால், ‘அந்தப் பண்ணையில் ஆடு செத்ததா?’ என்ற கேள்விக்கே பொருள் இருந்திருக்காது.

அதன்பின் செய்திகள் வேகமாக வந்தன. 1983இல் மாசசூசெட்ஸில் 49 பேர் நோயுற்று 14 பேர் இறந்தனர். ஐயத்துக்குள்ளானது பாஸ்டர் முறையில் சூடாக்கிய பால். 1985இல் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் மெக்சிகோ பாணிப் பாலாடைக்கட்டி 142 பேரை நோயில் வீழ்த்தியது. கருவில் இருந்தவற்றையும் சேர்த்து மரணங்கள் 48. சூடாக்காத பால் அதில் கலந்திருந்தது. சுவிட்சர்லாந்திலும் அதே ஆண்டுகளில் ஒரு மென் பாலாடைக்கட்டி வழியே நோய் பரவிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது கருத்தரங்கு 1985இல் பிரான்சின் நாந்த் நகரில் கூடியபோது உணவு இனி ஓரத்துத் தலைப்பாக இருக்க முடியவில்லை. 1988 பிப்ரவரியில் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஜெனீவாவில் கூடி, இது முதன்மையாக உணவுவழி பரவும் நோய் என்று பதிவு செய்தது. அதே ஆண்டு பத்தாவது கருத்தரங்கு ஹங்கேரியின் பேச் நகரில் நடந்தது.

அறிவு விதியாக மாறியபோது பலன் கண்கூடாகத் தெரிந்தது. அமெரிக்காவில் 1989க்கும் 1993க்கும் இடையே நோய் 44 விழுக்காடு குறைந்தது. பிரான்சில் 1987 முதல் 1997 வரை சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. புதிய மருந்தோ தடுப்பூசியோ இதற்குக் காரணம் அல்ல. தொழிற்சாலைச் சோதனையும், கருவுற்ற பெண்களுக்குச் சொன்ன அறிவுரையும் செய்த வேலை இது.

உயிரணுவியலாரின் வருகை

இதே காலத்தில் அவைக்குள் வேறொரு கூட்டமும் நுழைந்தது. ஜார்ஜ் மக்கானஸ் 1962இலேயே எலிகளில் லிஸ்டீரியாவைச் செலுத்தி உயிரணு வழி நோயெதிர்ப்பை விளக்கியிருந்தார். 1986இல் பாரிஸ் ஆய்வாளர்கள், லிஸ்டீரியோலைசின் என்ற நச்சுப் புரதம் இல்லாவிட்டால் கிருமி நோயுண்டாக்கும் ஆற்றலை இழக்கிறது என்று காட்டினர். 1989இல் டில்னியும் போர்ட்னாயும், கிருமி நம் உயிரணுவின் ஆக்டின் புரதத்தையே வாலாகப் பின்னி, அதன் உந்துதலால் ஓர் உயிரணுவிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதைப் படம் பிடித்தனர். இரத்தத்தில் எதிர்ப்பொருள் சுற்றியும் பயனில்லாமல் போவது ஏன் என்பதை இது விளக்கியது. பஸ்கால் கோசாரின் குழு, கிருமி உயிரணுவுக்குள் நுழையும் வாயிலைக் கண்டறிந்தது. 2001இல் மன்ஹைமில் பதினான்காவது கருத்தரங்கு நடந்த அதே ஆண்டு, சுமார் 29 லட்சம் எழுத்துகள் கொண்ட லிஸ்டீரியாவின் முழு மரபணுத் தொகுதி வெளியானது.

அந்தத் தொகுதிக்கு எடுத்த கிருமிக் கால்வழியின் பெயர் ஈஜிடி-இ. மர்ரேயின் முதலெழுத்துகளே அப்பெயரில் உள்ளன. அது கேம்பிரிட்ஜ் முயல்களின் கிருமியின் நேர் வழித்தோன்றல் என்றே பலரும் நம்பினர். 2014இல் வெளியான ஓர் ஒப்பாய்வு, ஈஜிடி என்ற பெயரிலும் ஈஜிடி-இ என்ற பெயரிலும் வழங்கிய இரண்டும் மரபணு அளவில் வெகுவாக வேறுபட்டவை என்று காட்டியது. ஆய்வுக்கூடங்களுக்கு இடையே கைமாறும் மாதிரிகளின் வரலாற்றை எழுதுவோர் இந்த நிகழ்வைத் தவறாமல் படிக்க வேண்டும்.

உயிரணுவியல் அவையை வளமாக்கியது. கூடவே கால்நடை மருத்துவரை ஓரத்துக்குத் தள்ளும் ஆபத்தையும் கொண்டுவந்தது. ஆனால் தென்னாப்பிரிக்க நிகழ்வு பழைய உறவின் தேவையை மீண்டும் காட்டியது. 2017 ஜனவரி முதல் 2018 ஜூலை வரை அங்கு 1,060 பேர் நோயுற்றனர். 216 பேர் இறந்தனர். உலகில் பதிவான லிஸ்டீரியோசிஸ் பரவல்களில் இதுவே மிகப் பெரியது. நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை எஸ்டி-6 என்ற ஒரே மரபணுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் மூலம் தெரியாமல் மாதங்கள் கழிந்தன. 2018 ஜனவரியில் சோவெட்டோவின் ஒரு மழலையர் காப்பகத்தில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. சுகாதார அலுவலர்கள் அங்கே குளிர்பதனப் பெட்டியில் இருந்த பொலோனி எனும் பதப்படுத்திய இறைச்சியைச் சோதனைக்கு எடுத்தனர். அதில் எஸ்டி-6 இருந்தது. அந்த நூலைப் பிடித்து பொலோக்வானே நகரின் ஆலை வரை போனார்கள். மரபணு வாசிப்பு மிகப் பெரும்பாலான நோயாளிகளை ஒரே முடிச்சில் கட்டியது. முடிச்சின் மறுமுனையைத் தந்தது ஓர் அலுவலர் எடுத்த இறைச்சித் துண்டு.

கோவாவும் அதற்கு அப்பாலும்

பதினெட்டாவது கருத்தரங்கு 2013 செப்டம்பரில் கோவாவில் நடந்தது. இந்திய மண்ணில் இந்த அவை கூடியது அதுவே முதல்முறை. இந்தியாவில் லிஸ்டீரியாவை நெடுங்காலம் தேடிவருபவர்கள் பெரும்பாலும் கால்நடைப் பொதுச் சுகாதார ஆய்வாளர்கள். பால், இறைச்சி, கருச்சிதைவுற்ற மாடுகள் என்று அவர்கள் பதிவு செய்தவை ஏராளம். மருத்துவமனைப் பதிவுகளோ அவற்றுக்கு ஈடாக இல்லை. கிருமி இங்கே அரிது என்று இதற்குப் பொருள் கொள்வது சரியல்ல என்பேன். செத்துப் பிறந்த சிசுவின் நஞ்சுக்கொடியிலிருந்து மாதிரி எடுத்து வளர்த்துப் பார்க்கும் வழக்கம் இல்லாத இடத்தில் லிஸ்டீரியா எண்ணிக்கைக்குள் வராது. இரத்த மாதிரியில் கோலுருக் கிருமியைக் கண்டதும் தோலிலிருந்து கலந்த டிஃப்தெராய்டு என்று ஒதுக்கினாலும் வராது.

எண்ணிக்கையைத் தாண்டிய நடைமுறைச் சிக்கலும் உண்டு. மூளையுறை அழற்சி என்று ஐயப்பட்டால் மருத்துவர்கள் முதலில் கை நீட்டும் மருந்து செஃப்ட்ரியாக்சோன். லிஸ்டீரியாவுக்கு அந்த மருந்துக் குடும்பத்தின்மீது இயல்பிலேயே எதிர்ப்பு உண்டு. அதை அடக்குவது ஆம்பிசிலின். அதனால்தான் பச்சிளங்குழந்தைகள், முதியோர், கருவுற்றோர், நோயெதிர்ப்புக் குன்றியோர் ஆகியோருக்குத் தொடக்கத்திலேயே ஆம்பிசிலினையும் சேர்க்கும்படி சிகிச்சை நெறிமுறைகள் சொல்கின்றன. பன்னீரும் பொட்டலமிட்ட இறைச்சியும் வெட்டிய பழமும் குளிரூட்டிய வண்டிகளில் ஊர் ஊராகப் போகத் தொடங்கிவிட்ட இந்நாளில், கால்நடை ஆய்வுக்கூடங்களில் சேர்த்து வைத்திருக்கும் கிருமி மாதிரிகளையும் மகப்பேற்று மருத்துவமனைகளில் கிடைக்கும் மாதிரிகளையும் ஒரே மரபணுப் பட்டியலில் வைத்து ஒப்பிடும் ஏற்பாடே இங்கு உடனடித் தேவை.