டென்னிஸ் ஹாப்பரின் கேமரா: இயக்குநரின் பயிற்சியா, ஓவியரின் தொடர்ச்சியா?

ஹாலிவுட் நடிகர் டென்னிஸ் ஹாப்பர் 1961 முதல் 1967 வரை எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு முதல் உரையாசிரியர் அவரேதான். ஒருநாள் படம் இயக்க வேண்டும் என்ற ஆசையில் கண்ணைப் பழக்கவே கேமராவைக் கையில் எடுத்ததாக அவர் பல நேர்காணல்களில் கூறினார். சினிமாவின் காட்சிச் சட்டகத்தைப் பின்னால் வெட்டித் திருத்த முடியாது; ஆகவே தம் நெகட்டிவ்களையும் வெட்டாமல் முழுதாகவே அச்சிட்டார் என்பது அவர் காட்டிய சான்று. பின்னால் வந்த பலரும் இந்த விளக்கத்தை அப்படியே வழிமொழிந்தார்கள்.

இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அவர் இயக்கிய முதல் படமான 'ஈஸி ரைடர்' (1969) வேலை தொடங்கிய காலத்தில்தான் அவர் கேமராவைக் கீழே வைத்தார். பயிற்சி முடிந்தது, தொழில் தொடங்கியது என்று இதைப் படிக்கத் தோன்றும். ஆனால் ஒரு பழக்கம் எப்போது நின்றது என்பதைக் கொண்டு, அது எதற்காகத் தொடங்கியது என்று முடிவுகட்ட முடியுமா? படங்களே வேறு கதை சொல்கின்றன.

அவற்றுள் 'டபுள் ஸ்டாண்டர்டு' ஒன்றே போதும். லாஸ் ஏஞ்சலஸில் சான்டா மோனிகா பொலிவார்டும் மெல்ரோஸ் அவென்யூவும் டொஹீனி அருகே கூடும் முனையில், காருக்குள் இருந்தபடி எடுத்த படம் அது. கண்ணாடிக்கு அப்பால் ஸ்டாண்டர்டு பெட்ரோல் நிலையத்தின் பெயர்ப்பலகைகள் இரண்டு நிற்கின்றன. மேலே தொங்கும் பின்பார்வைக் கண்ணாடியில், பின்னால் வரும் கார்கள் தெரிகின்றன. கண்ணுக்கு முன்னிருப்பதும் முதுகுக்குப் பின்னிருப்பதும் ஒரே தளத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன. சினிமாவில் இவை இரண்டு ஷாட்களாக, ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரே பரப்பில் அடுக்கிக் காட்டுவது கொலாஜ் செய்யும் ஓவியரின் முறை. சிறுவயதிலேயே கான்சஸ் நகரில் ஓவிய வகுப்புக்குப் போனவர் ஹாப்பர் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இப்படத்தின் காலம்தான் சிக்கல். 1961 என்றே எங்கும் குறிக்கிறார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பெல் ஏர் காட்டுத்தீ ஹாப்பரின் வீட்டை எரித்தது. அவர் கணக்குப்படி ஏறத்தாழ 300 ஓவியங்கள் சாம்பலாயின. படம் தீக்கு முந்தியது என்றால், ஓவியத்தை இழந்ததால் கேமராவுக்குத் தாவினார் என்ற பிரபலக் கதை ஆட்டம் காணும். ஆனால் ஆண்டை மட்டும் வைத்து மாதத்தைச் சொல்ல இயலாது. உறுதியான மேல் எல்லை ஒன்றுதான்: 1964இல் ஃபெரஸ் காலரியில் நடந்த ஓவியர் எட் ரூஷேயின் கண்காட்சி அழைப்பிதழில் இப்படம் அச்சானது. ரூஷேயின் பெட்ரோல் நிலையப் புகைப்பட நூல் வெளிவந்தது 1963இல். ஆக, யார் யாருக்கு முன்னோடி என்ற கேள்வியும் அந்த ஒற்றை ஆண்டுக்குறிப்பையே நம்பியிருக்கிறது. தற்போதுள்ள சான்றுகளைக் கொண்டு அதைத் தீர்க்க இயலாது.

காலம் தெளியாவிட்டாலும், கேமரா ஓவியத்தின் தொடர்ச்சி என்ற வாதம் விழுவதில்லை. அதற்குப் பிற்காலச் சான்று உண்டு. 1987இல் ஹாப்பர் போலராய்டு கேமராவோடு லாஸ் ஏஞ்சலஸின் சுவர்க்கிறுக்கல்களைப் படமெடுத்தார். அப்போது அவர் பயிற்சிக்கு ஏங்கிய இளைஞரல்லர். 'கலர்ஸ்' (1988) படத்தின் இயக்குநர். படம் இயக்கும் வேலைக்கு நடுவிலும் அவர் தேடிப் போனது ஆழமற்ற, தட்டையான, வண்ணம் பூசிய சுவர்களையே. 2000க்குப் பிறகு, அறுபதுகளில் எடுத்த புகைப்படங்களையே விளம்பரப் பலகை அளவில் ஓவியங்களாக்கினார். பயிற்சி ஏடாக மட்டும் இருந்திருந்தால், அவற்றை ஓவியத்துக்கே திருப்பிக் கொண்டுவரும் தேவை அவருக்கு ஏன் வந்தது?

1970இல் ஃபோர்ட் வொர்த்தில் காட்சிக்கு வைத்த நானூற்றுக்கும் மேற்பட்ட அச்சுகள், 2010இல் அவர் மறைந்த பின்னரே கண்டெடுக்கப்பட்டு, 2012இல் பெர்லினில் மீண்டும் காட்சிக்கு வந்தன. ஹாப்பரின் சொல்லைவிட இந்த அச்சுகளே மேலான சாட்சி. அவற்றை ஓவிய வரலாற்றின் பகுதியாகப் படிப்பதே பொருந்தும். 'டபுள் ஸ்டாண்டர்டு' படத்துக்கோ, தீர்வு கிடைக்கும் வரை, '1964 அல்லது அதற்கு முன்' என்று குறிப்பதே நேர்மையானது.