இரண்டு வாக்குகளின் வேர்: ஐனார் கெர்ஹார்ட்சனும் 1963 ஆட்சிக் கவிழ்ப்பும்

நார்வே மக்கள் ஐனார் கெர்ஹார்ட்சனை நாட்டின் தந்தை என்றே அழைத்தார்கள். 1945க்கும் 1965க்கும் இடையில் மூன்று முறை பதவியேற்று, ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் பிரதமராக இருந்தவர் அவர். 1963இல் அவரது அரசு கவிழச் சுரங்க விபத்தே காரணம் என்று பொதுவாக எழுதப்படுகிறது. அது பாதி உண்மை. அரசை வீழ்த்திய இரண்டு வாக்குகளின் வேர் 1949இல் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1897இல் ஆஸ்கரில் பிறந்த கெர்ஹார்ட்சன், சாலைப் பணியாளராக வாழ்க்கையைத் தொடங்கித் தொழிற்சங்கத்தின் வழியே தொழிற்கட்சிக்குள் வளர்ந்தார். 1940இல் ஓஸ்லோ மேயரானார். ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்கள் அவரைப் பதவியிலிருந்து அகற்றினார்கள். 1941இல் கைதாகி, சாக்சன்ஹவுசன் வதைமுகாமிலும் ஓஸ்லோவுக்கு அருகிலுள்ள கிரினி முகாமிலும் அடைபட்டுக் கிடந்தார். 1945 ஜூனில், விடுதலை பெற்ற நாட்டின் பிரதமரானார். அவ்வாண்டுத் தேர்தலில் தொழிற்கட்சிக்கு நாடாளுமன்றமான ஸ்டோர்ட்டிங்கின் 150 இடங்களில் 76 கிடைத்தன. அந்தத் தனிப்பெரும்பான்மை 1961 வரை குலையவில்லை. 1946இல் வீட்டுவசதி வங்கியும் குழந்தைகள் உதவித்தொகையும், 1947இல் மாணவர் கடன் நிதியும் அந்தப் பலத்தில்தான் பிறந்தன.

அதே பலம் உட்கட்சிப் பிளவை மூடியும் வைத்திருந்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளுக்கெனத் தனிப் பாதுகாப்புக் கூட்டணி அமைக்கும் பேச்சு 1949 தொடக்கத்தில் முறிந்தபின், அதையே முதலில் விரும்பிய கெர்ஹார்ட்சன் நேட்டோவை ஏற்றார். அமைதிக் காலத்தில் அந்நிய ராணுவத் தளங்களுக்கு நார்வே மண்ணில் இடமில்லை என்று அவரது அரசு வரம்பு கட்டியது. 1957 டிசம்பரில் பாரிஸ் நேட்டோ மாநாட்டில், அணு ஆயுதங்களை நார்வேயில் நிறுத்தும் எண்ணமில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அவரது வாழ்க்கையின் மிகத் துணிவான உரை அதுதான் என்பேன். ஆயினும் கட்சியின் இடதுசாரிகளுக்கு அது போதவில்லை. 'ஓரியென்டெரிங்' இதழைச் சுற்றித் திரண்டவர்களைக் கட்சி வெளியேற்றியது. அவர்கள் 1961இல் சோசலிச மக்கள் கட்சியைத் தொடங்கினார்கள். அவ்வாண்டுத் தேர்தலில் தொழிற்கட்சிக்கு 74, எதிரணியின் நான்கு கட்சிகளுக்கும் சேர்த்து 74, புதிய கட்சிக்கு 2 இடங்கள்.

1962 நவம்பர் 5 அன்று ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் கிங்ஸ் பே நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து நேர்ந்தது. 21 பேர் மாண்டார்கள். 1948, 1952, 1953 ஆண்டுகளிலும் அங்கே வெடிவிபத்துகள் உயிர்களைப் பலிகொண்டிருந்தன. சுரங்கம் அரசு நிறுவனம் என்பதால் கேள்வி நேராகத் தொழில்துறை அமைச்சரிடம் வந்தது. விசாரணை ஆணையம் பாதுகாப்புக் குறைகளைச் சுட்டிக்காட்ட, அமைச்சர் ஷெல் ஹோலர் பதவி விலகினார். எதிரணி அத்துடன் நிற்கவில்லை. நாடாளுமன்றத்துக்குத் தெரிய வேண்டியவை ஏன் தெரிவிக்கப்படவில்லை என்று கேட்டது. அரசு நிறுவனங்கள் மக்கள் பிரதிநிதிகளுக்கு எந்த அளவு பதில் சொல்லக் கடமைப்பட்டவை என்பதே உண்மையான வழக்கு. பதினாறு ஆண்டுகள் தனிப்பெரும்பான்மையோடு ஆண்ட கட்சிக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியவில்லை. வரலாற்றாசிரியர் யென்ஸ் அருப் செய்ப் 1963இல் ஆற்றிய உரையில் நார்வேயை 'ஒரு கட்சி அரசு' என்றார். சுதந்திரத் தேர்தல் நடந்த நாட்டுக்கு அச்சொல் மிகை. ஆனால் அது சுட்டிய ஆட்சிப் பழக்கம் மெய்யானது.

சுரங்க விவகாரம் குறித்து 1963 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நடந்த விவாதத்தை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. சோசலிச மக்கள் கட்சியின் ஃபின் குஸ்தாவ்சனும் அஸ்பியோர்ன் ஹோல்மும் எதிரணியோடு வாக்களிக்க, 76க்கு 74 என்று அரசு வீழ்ந்தது. சுரங்க விபத்து மட்டும் நிகழ்ந்து கட்சி உடையாமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கே எழுந்திராது. யோன் லிங் அமைத்த நான்கு கட்சி அமைச்சரவையை நான்கே வாரங்களில் அவ்விருவரின் வாக்குகளே கவிழ்த்தன; கெர்ஹார்ட்சன் திரும்பி வந்தார். ஆனால், தொழிற்கட்சி இல்லாமலும் அமைச்சரவை அமைக்கலாம் என்பதை வாக்காளர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். 1965 தேர்தலில் அதே நான்கு கட்சிகள் 80 இடங்களை வென்றன. பேர் போர்ட்டன் பிரதமரானார், லிங் அவரது அமைச்சரவையில் வெளியுறவுத் துறையை ஏற்றார்.