பட்டு இழையும் பல்லிடுக்கும்

விருந்து முடிந்ததும் பல்லிடுக்கில் சிக்கிய நாரை ஈர்க்கால் குத்தி எடுப்பது புராதன வழக்கந்தான். ஆனால் அது உறுத்தல் தீர்வதற்காகச் செய்யும் காரியமேயன்றி, உறுத்தாத நாளிலும் அவ்விடத்தைச் சுத்தி செய்ய வேண்டும் என்ற நியமம் அதில் இல்லை. அந்த நியமத்தை, 1819-ஆம் வருஷம் பிலடெல்பியாவில் வெளியான தம் புத்தகத்தில் வற்புறுத்தியவர், நியூ ஆர்லியன்ஸ் நகரில் தொழில் நடத்திய லீவை ஸ்பியர் பார்ம்லி என்ற தந்த வைத்தியர்.

பல் உள்ளிருந்தே அழுகத் தொடங்குகிறது என்று பெரிய வைத்தியர்களும் நம்பியிருந்த காலம் அது. பார்ம்லியோ, பல்லின்மேல் தங்கிக் கெட்டுப்போகும் அசுத்தமே சொத்தைக்கு மூலகாரணம் என்று துணிந்தார். பிரஷ் எட்டாத இடுக்கிலிருந்து அதனை அகற்ற மெழுகு பூசிய பட்டு இழையே தக்கதென்றும், எளியதாயினும் தாம் சொல்லும் சாதனங்களுள் அதுவே பிரதானமென்றும் எழுதினார். கிருமிகள் வாயிலுள்ள மாவையும் சர்க்கரையையும் புளிக்கச் செய்து, அதில் பிறக்கும் அமிலத்தால் பல்லைக் கரைக்கின்றன என்பதை பெர்லினிலிருந்து மில்லர் என்ற ஆராய்ச்சியாளர் விரிவாக எழுதி வெளியிட்டது 1890-இல். அதற்கு எழுபது வருஷங்களுக்கு முன்பே, ஒரு வைத்தியர் உண்மைக்கு அவ்வளவு அருகில் வந்துவிட்டதை நினைக்கும்போது எனக்கு வியப்பும் மரியாதையும் ஒருங்கே உண்டாகின்றன.

1882-இல் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தின் காட்மன்-ஷர்ட்லெஃப் கம்பெனியார் பட்டு இழையை விற்பனைக்குக் கொணர்ந்தனர். 1898-இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியார், ரணசிகிச்சையில் தையல் போடும் பட்டையே இதற்கும் பயன்படுத்திக் காப்புரிமை பெற்றனர். ஆயினும் பட்டு விலை மிகுந்தது. பல் விளிம்பில் உராய்ந்து பிசிறிப்போவது.

இரண்டாம் உலக யுத்தம் ஜப்பானியப் பட்டின் வரவை அடைத்தது. அந்தக் காலத்தில், அதே நியூ ஆர்லியன்ஸில், டுலேன் சர்வகலாசாலை வைத்தியக் கல்லூரியின் தலைமைப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த சார்லஸ் பாஸ், நைலான் இழையை ஆராய்ந்து, முறுக்குக் குறைந்த மெல்லிய நார்களால் ஆன இழையே உத்தமம் என்று 1948-இல் எழுதினார். முறுக்கு இல்லையேல் இழை பல்லின் வளைவில் தட்டையாகப் பரவும். ஒவ்வொரு நாரும் தனித்தனியே வழிக்கும். இரு நடுவிரல்களிலும் அதனைச் சுற்றி, மெல்ல இடுக்கினுள் இறக்கி, ஒரு பல்லை அணைத்தவாறே ஈறின் மடிப்புக்குள் சற்றே செலுத்தி வெளிநோக்கி வழித்தால், மங்கிய வெண்பசை போன்ற படலம் ஒட்டி வரும். பார்ம்லி சொன்ன அசுத்தம் அதுதான்.

இரவில் உறங்கப் போகுமுன் இதைச் செய்ய வேண்டுமென்பது பாஸின் கண்டிப்பு. காலையில் பல் துலக்குவதை ஆசாரமாகவே போற்றிவரும் நம்மவர், இரவிலும் சில நிமிஷங்களை ஒதுக்கி, ஒரு முழ இழையைக் கையில் எடுக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.